காசுக்காகக் கையை அறுத்துக்கொள்ள வேண்டுமா?

சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்திலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வாரநாள்களில் ஒரு பட்டறையில் டெக்னீஷியன் வேலை. வார இறுதியில் பிறந்தநாள் விருந்து, கல்யாண வரவேற்பு, சமூக மன்ற நிகழ்ச்சி என்று மேஜிக் செய்கிறார். காசு வித்தைதான் அவருடைய பலம். அண்மையில் 700 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கொடுத்து, வித்தைக்கென்றே கடைந்து செய்த ஒரு செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார். 1964-ஆம் ஆண்டு அமெரிக்க வெள்ளி அரை டாலர்கள் நான்கு, அவற்றின்மேல் மயிரிழை இடைவெளியில் பொருந்தும், ஷெல் என்னும் மெல்லிய உலோக மூடி ஒன்று, உள்ளே ரப்பர் வளையம் வைத்தது ஒன்று, காந்தம் வைத்தவை இரண்டு. (எது எப்படி வேலை செய்கிறது என்றும் விவரமாக எழுதியிருந்தார். தொழில் ரகசியம் என்பதால் அதை இங்கே போடவில்லை.)

பிரச்சினை, கை. பள்ளிக்கூட நாள்களிலிருந்தே உள்ளங்கையில் வியர்வை சொட்டுமாம். பரீட்சைத் தாள் நனையுமாம். ஷோவில் கேட்கவே வேண்டாம். வியர்வையால் ஷெல் காசோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்திருக்கிறது. ஒருமுறை வழுக்கி டைல்ஸ் தரையில் விழுந்து விளிம்பு நெளிந்துவிட்டது. வெள்ளி கறுக்கிறது என்று வாராவாரம் வெள்ளி சுத்தம் செய்யும் திரவத்தில் வெறும் கையால் முக்கி எடுக்கிறார். அப்புறம், பயந்துபோய் செட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டு, மலிவான புதிய அரை டாலர்களை வைத்து தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறார். நல்ல காசுகளை ஷோ அன்றைக்குத்தான், அதுவும் பருத்திக் கையுறையோடு, வெளியே எடுக்கிறார்.

இப்போது சில மாதங்களாக உள்ளங்கை நடுவிலும் கட்டைவிரல் அடியிலும் சிவந்து, அரித்து, சிறு கொப்புளங்கள் வந்து, தோல் வெடிக்கிறது. கறுத்த வெள்ளியின் விஷம் தோலில் இறங்கிவிட்டது என்பது அவர் முடிவு. ஜொகூரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைப் போடுகிறார். வியர்வைக்குக் காரணம் உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமும். நண்பர் ஒருவர் சென்னையில் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒரே நாளில் கை காய்ந்துவிட்டதாம்; "நானும் செய்துகொள்ளட்டுமா டாக்டர்?" என்பது கேள்வி. அதே நண்பர் மேடைப் பதற்றத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார். வாசகருக்குச் சின்ன வயதில் வீஸிங் இருந்தது. மனைவி "இதையெல்லாம் விட்டுத் தொலையுங்கள்" என்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில்: "காந்தக் காசு இரண்டும் ஒட்டிக்கொள்வதைப் பார்த்தால் என் மூன்று வயது மகளுக்கு அவ்வளவு குஷி."

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மகள்

அந்த இரண்டு காசுகளும் இன்று இரவே அவள் கைக்கு எட்டாத, பூட்டுள்ள இடத்துக்குப் போக வேண்டும். காசு பெரியது, விழுங்க மாட்டாள் என்று நினைப்பீர்கள். உள்ளே இருக்கும் காந்தம் சிறியது, பசையால் ஒட்டியது. இரண்டு தடவை கீழே விழுந்தால் பசை விடலாம். ஒரு காந்தத்தை விழுங்கினாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு வளைவுகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் குடல்சுவரை நசுக்கி ஓட்டை போட்டுவிடலாம். முதல் சில மணி நேரம் குழந்தை சாதாரணமாக விளையாடிக்கொண்டே இருக்கும், அதுதான் ஆபத்து. விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே, வயிற்றுவலிக்காகக் காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல், நேராக கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "காந்தம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் 995.

இதே காரணத்துக்காக இன்னொன்று. பிறந்தநாள் ஷோவில் காசை விழுங்குவது போலவோ கடிப்பது போலவோ செய்கிற வித்தை இருந்தால், சின்னப் பிள்ளைகள் முன்னால் அதைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகள் விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு வருகிற பொருள்களில் காசுக்குத்தான் முதல் இடம். நீங்கள் வேறு செய்து காட்ட வேண்டாம். அதேபோல், பெரியவர்களில் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருக்கலாம். காந்தக் காசைக் கொடுத்து "நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள்" என்று சொல்லாதீர்கள், சட்டைப் பையிலும் போடாதீர்கள்.

வியர்வை சூட்டினால் அல்ல

இளநீர் குடியுங்கள், நல்லது. ஆனால் அதனால் உங்கள் கை காயாது. உடம்பில் மற்ற இடங்கள் வெயிலுக்கு வியர்க்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் பெரும்பாலும் மனத்துக்கு வியர்க்கும். பதற்றம், எதிர்பார்ப்பு, கவனம் என்று எது வந்தாலும் தானாக இயங்கும் சிம்பதெடிக் நரம்புகள் அங்கிருக்கும் சுரப்பிகளை முடுக்கிவிடும். சிலருக்கு இந்த நரம்பு இயல்பாகவே கொஞ்சம் அதிகம் துடிப்பாக இருக்கிறது. சிறு வயதிலேயே தொடங்கியது, இரண்டு கையிலும் ஒரே மாதிரி, தூங்கும்போது நின்றுவிடுகிறது, அப்பாவுக்கும் இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் இந்த வகைக்குப் பொருந்துகிறது. இது இதய நோயின் அறிகுறி இல்லை. புதிதாகத் தொடங்கியிருந்தாலோ, இரவில் படுக்கை நனைய வியர்த்தாலோ, எடை குறைந்தாலோ, ஒரு கையில் மட்டும் என்றாலோ தைராய்டு முதலியவற்றைப் பார்க்க வேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 700 வெள்ளி விலையுள்ள பொருளை எடுக்கும்போதே "கீழே போட்டுவிடுவேனோ" என்ற பயம். அந்தப் பயமே வியர்வையைக் கூட்டுகிறது. வியர்வையால் காசு வழுக்குகிறது, பயம் இன்னும் ஏறுகிறது, காசு மீண்டும் பெட்டிக்குப் போகிறது. ஷோ அன்று கையில் வருவது பழக்கமே இல்லாத ஒரு பொருள். சிகிச்சை எதுவானாலும், இந்தச் சுழற்சியை உடைக்காமல் அது பாதிதான் பலன் தரும்.

அந்த மாத்திரை: நீங்கள் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால் அது ப்ரொப்ரனலால். படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், உண்மைதான். வீஸிங் உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோலைக் கெடுப்பது வெள்ளிதானா?

இங்கேதான் நீங்கள் தவறான ஆளைப் பிடித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளி கறுப்பது காற்றிலும் ரப்பரிலும் இருக்கும் கந்தகத்தால் ஏற்படும் வெறும் மேற்படலம். அது விஷமில்லை. உங்கள் நான்கு அரை டாலர்களில் 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு, நிக்கல் இல்லை. புழக்கத்துக்கு விடும் அரை டாலரில் வெள்ளி போடுவதை அமெரிக்கா பின்னாளில் நிறுத்திவிட்டது. 1971 முதல் பொதுப் புழக்கத்துக்கு வந்தவற்றின் மேல்தகடு செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், அதில் நிக்கல் கால் பங்கு. நீங்கள் "மலிவானது, போனால் போகட்டும்" என்று தினமும் இரண்டு மணி நேரம் அழுத்திப் பிடிப்பது அதைத்தான்.

நிக்கல், தோல் ஒவ்வாமைக்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று. கவரிங் தோடு போட்டுக் காது புண்ணாகிற பெண்களை உங்களுக்கே தெரிந்திருக்கும்; அதே சங்கதி. வியர்வையின் உப்பும் அமிலமும் காசிலிருந்து நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்புகின்றன. ஈரக் கை, தினமும் நீண்ட நேரம், ஒரே இடத்தில் அழுத்தம். தடிப்பு வந்திருப்பதும் நீங்கள் காசை ஒளித்துப் பிடிக்கும் அதே இரண்டு இடங்களில்.

சந்தேகம் வலுவானது, ஆனால் கடிதத்தைப் படித்து மட்டும் உறுதி சொல்ல முடியாது. வெறும் கையால் தொடும் அந்த வெள்ளித் திரவத்தில் பொதுவாக அமிலமும் தயோயூரியா என்ற ரசாயனமும் இருக்கும். அதுவே தோலை எரிக்கப் போதும். பட்டறை எண்ணெய், வேலைக் கையுறையின் ரப்பர், பூஞ்சைத் தொற்று, வியர்க்கும் கைகளில் வரும் கொப்புள எக்ஸிமா என்று பட்டியலில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜொகூர்க் களிம்பு இதில் குழப்பத்தைத்தான் கூட்டும். அந்த மாதிரி களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், பூஞ்சை இருந்தால் உருமாறி ஒளிந்துகொள்ளும், தோல் மெலியும். நிறுத்துங்கள், டியூபைத் தூக்கிப் போட வேண்டாம்.

வழி இதுதான். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்க் காட்டி, அங்கிருந்து மண்டலே ரோட்டில் இருக்கும் தேசியத் தோல் நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மருந்தகம் வழியாகப் போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம், காத்திருப்பு கொஞ்சம் இருக்கும். அங்கே தேவைப்பட்டால், எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று காட்டும் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். முதுகில் சிறு பட்டைகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, மேலும் சில நாளில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. பட்டறை வேலைக்கு அந்த வாரம் லீவு சொல்லிவிடுங்கள், ஷோவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிக்கல்தான் என்று தெரிந்தால், அந்த ஒவ்வாமையைப் போக்கும் மருந்து கிடையாது, அது வாழ்நாள் முழுக்க இருக்கும். தவிர்ப்பதுதான் சிகிச்சை. அதற்காக வித்தையை விட வேண்டியதில்லை. பழைய பிரிட்டிஷ் பென்னி, 1971-இல் செல்லாமல் போனது, வெண்கலம்; நிக்கல் இல்லை, ஏறக்குறைய 31 மி.மீ. அகலம். அரை டாலர் 30.6. அகலத்தில் கைக்கு வித்தியாசமே தெரியாது, விலையும் குறைவு. நம் ஊர்க் காசு இதற்கு உதவாது: 50 காசு 23 மி.மீ.தான், தவிர 2013 முதல் வரும் 10, 20, 50 காசுகளின் மேற்பூச்சே நிக்கல்.

அறுவை சிகிச்சை, அதற்கு முன்னால் இருப்பவை

உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை. மார்புக்கூட்டுக்குள் கேமரா விட்டு சிம்பதெடிக் நரம்பை வெட்டினால் கை காய்வது பெரும்பாலோருக்கு உடனே நடக்கிறது. அவர் சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள்: முதுகு, வயிறு, தொடை எப்படி இருக்கின்றன என்று. கையில் நின்ற வியர்வை உடம்பின் வேறு இடங்களில் கூடுவது இந்த அறுவை சிகிச்சையில் விதிவிலக்கு இல்லை, பலருக்கும் நடக்கிறது. சிலருக்குச் சட்டையைப் பிழிகிற அளவுக்கு. வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்குவதற்கு நம்பகமான வழி இல்லை. அபூர்வமாக நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைப்பதும், கண் இமை தொங்கிப்போவதும் உண்டு. வருடம் முழுக்கப் புழுங்குகிற சிங்கப்பூரில், கோட் போட்டு மேடை ஏறுகிறவர் நீங்கள். வேறெதுவும் பலிக்காமல், வாழ்க்கையே முடங்குகிறவர்களுக்கு அது கடைசிக் கதவு. நீங்கள் இன்னும் முதல் கதவைக்கூடத் தட்டவில்லை.

முதல் கதவு 20 சதவீத அலுமினியம் குளோரைடு திரவம். இரவில், முழுக்கக் காய்ந்த கையில் தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். உங்களுக்கு இரண்டு எச்சரிக்கை. வெடித்த தோலில் போட்டால் நெருப்பாக எரியும். அதனால் தடிப்பு ஆறிய பிறகுதான். இந்தத் திரவம் உலோகத்தையும் அரிக்கும். கழுவாத கையால் காசைத் தொடாதீர்கள்.

அது போதவில்லை என்றால் அயன்டோஃபொரேசிஸ். குழாய்த் தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவது. ஒரு தடவைக்கு 20, 30 நிமிடம், ஆரம்பத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, பிறகு குறைத்துக்கொள்ளலாம். சலிப்பான வேலைதான், ஆனால் உங்கள் நிலைமைக்கு என் ஓட்டு இதற்கே. விரல் பலத்தில் கைவைக்காத சிகிச்சை இது.

போடாக்ஸ் ஊசியும் உள்ளங்கைக்குப் போடுகிறார்கள், சில மாதம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கும் பிடி சில வாரங்களுக்குத் தளரலாம். ஒரு கணக்கருக்கு அது சின்ன தொந்தரவு. காசு வித்தைக்காரருக்கு அந்தப் பிடிதான் சோறு. போட்டே ஆக வேண்டுமென்றால் ஷோ இல்லாத காலத்தில். வியர்வையைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு. அவை உடம்பு முழுக்க வியர்வையைக் குறைப்பதால், சூடான பட்டறையில் நிற்கிற உங்களுக்கு நான் அவசரப்பட்டு எழுத மாட்டேன்.

காசுகளை என்ன செய்வது

செட்டில் பாதி வெறும் காசுதான் என்பதை மறந்துவிட்டீர்கள். அந்த நான்கு வெள்ளி அரை டாலர்கள் மக்கள் கையில் புழங்குவதற்கென்றே அடித்தவை. தரையில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் இத்தனை நாளும் கெட்டியான, கைக்கு ஒத்துக்கொள்ளக்கூடிய காசைப் பூட்டி வைத்து, கையைப் புண்ணாக்குகிற காசோடு பழகியிருக்கிறீர்கள். இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள்: அன்றாடப் பயிற்சி வெள்ளிக் காசில், அல்லது பென்னியில்.

ஷெல், ரப்பர் வைத்தது, காந்தம் வைத்தவை இவைதான் மென்மையானவை. அவற்றையும் ஷோவுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். ஷெல்லுக்கு எடை குறைவு, மேசையில் வைத்தால் சத்தமும் வேறு. விரல் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தினமும் பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடம், வெறும் கையோடு, கட்டில் மெத்தைமேல் உட்கார்ந்து செய்யுங்கள். கையுறை வேண்டாம், அது வழுக்கும், தொடு உணர்வையும் மறைக்கும். வியர்த்தால் வியர்க்கட்டும், துடைத்துவிட்டுத் தொடருங்கள். அடுத்த கட்டமாக மனைவி முன்னால், பிறகு இரண்டு நண்பர்கள் முன்னால். "போட்டுவிடுவேனோ" என்ற பயம் இப்படிப் படிப்படியாகத்தான் இறங்கும். இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் செய்யாமல் அரை அரை மணியாகப் பிரியுங்கள். காலையில் எழுந்ததும் விரல் மடங்கி நின்று 'டக்' என்று விடுபட்டாலோ, கட்டைவிரல் அடியில் மணிக்கட்டுப் பக்கம் வலித்தாலோ, அது தசைநார் உறை வீங்குவதன் அறிகுறி. அப்போது பயிற்சியைக் குறைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த வெள்ளித் திரவத்தை நிறுத்திவிடுங்கள், தோலுக்காகவும் காசுக்காகவும். ஒவ்வொரு முக்கலும் மேற்பரப்பைக் கொஞ்சம் தின்கிறது. ஏற்கெனவே மெல்லிய ஷெல் அதைத் தாங்காது. ஷெல்லை மட்டும் பளபளப்பாக்கினால் மற்ற காசுகளோடு நிறமும் ஒத்துப்போகாது. முன்வரிசையில் ஒரு கூர்மையான பையன் போதும், கேட்டுவிடுவான். உபயோகித்ததும் மென்மையான உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்தாலே பெரும்பாலும் போதும். வெறும் காசுகளைச் சாதாரண சோப்பு நீரில் கழுவிக் காயவைக்கலாம். ரப்பரும் பசையும் உள்ளவற்றை நனைக்க வேண்டாம். ரப்பர் வைத்த காசை மற்ற வெள்ளியோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், ரப்பரின் கந்தகமே பக்கத்துக் காசைக் கறுக்க வைக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டும்; கேமராக்காரர்கள் வைத்திருக்கிற, ஈரத்தைக் குறைக்கும் டிரை பாக்ஸ் ஒன்று, அல்லது சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பா போதும். நெளிந்த விளிம்பைப் பட்டறையில் நீங்களே தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். கை பரபரக்கும், தெரியும். செய்தவருக்கே அனுப்பிவிடுங்கள்.

மனைவி "விட்டுத் தொலையுங்கள்" என்று சொல்வது காசைப் பற்றியா, வெடித்த கையைப் பார்க்கச் சகிக்காததாலா என்று கேட்டுப் பார்த்தீர்களா? எனக்கு இரண்டாவது போலத்தான் தோன்றுகிறது.

மருந்தகத்துக்குப் போகும்போது களிம்பு டியூப், வெள்ளித் திரவ பாட்டில், புதிய அரை டாலர் ஒன்று, பழைய வெள்ளிக் காசு ஒன்று, பட்டறைக் கையுறை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். காசை எந்த எந்த இடத்தில் பிடிப்பீர்கள் என்று மருத்துவரிடம் செய்து காட்டுங்கள். ஷெல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அந்த ரகசியம் தெரியாமலே உங்களுக்கு வைத்தியம் பார்க்க முடியும்.